மனந்திரும்பும் பழக்கம்



கிறிஸ்தவ வேதத்தின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் இயன்றது. அதில் ‘மெட்டனோயா’ என்றொரு சொல் வருகிறது. மனமாற்றம் என்பது அதன் பொருள். தமிழில் பெயர்த்தோர் அதனை ‘மனந்திரும்புதல்’ என்றனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லின்மீது தனிப் பற்று உண்டு. வழி தவறியவன் நிற்பதும், திரும்புவதும், மீண்டும் நடப்பதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளன. நடப்பவன் வழி தவறுவது ஒருமுறையோடு முடிவதில்லை. ஆகவே திரும்புவதும் ஒருமுறையோடு முடிவதற்கில்லை.

இதனைத் திருச்சபை நெடுங்காலமாக உணர்ந்திருக்கிறது. ஆண்டுக்கொரு முறையேனும் குருவிடம் பாவங்களை அறிக்கையிட வேண்டுமென 1215-ஆம் ஆண்டில் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. 1517-இல் மார்ட்டின் லூதர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருத்தல் வேண்டும் என்பதாகும். 1552-ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூல், காலை வழிபாட்டின் தொடக்கத்திலேயே பொதுப் பாவ அறிக்கையை அமைத்தது. பிற கொள்கைகளில் மாறுபட்டவர்களும் இதில் ஒத்த கருத்தினராயிருந்தனர்.

தமிழ் அச்சு வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இரண்டே ஆண்டுகளுக்குப் பின், பாவசங்கீர்த்தன முறையை விளக்கும் ‘கொம்பெசியோனாயரு’ என்னும் தமிழ் நூல் கொச்சியில் வெளிவந்தது. இரண்டிற்கும் காரணர் அண்டிரிக்கு அடிகளார் என்ற போர்த்துக்கீசியத் துறவி. மனிதன் தன் குற்றத்தைத் தன் தாய்மொழியிலேயே சொல்லவேண்டும் என்னும் எண்ணம் அம்முயற்சியில் விளங்குகிறது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதன் அருமை தெரியும். பணியிடத்தில் இந்தியிலோ வங்காளியிலோ மராத்தியிலோ பேசிப் பிழைக்கலாம். நெஞ்சின் பாரத்தை இறக்க அந்த மொழி போதுவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவும் பாவசங்கீர்த்தனம் செய்ய இடமளிக்கிறது. கேட்டதை வெளியிடலாகாது என்று அவரையும் கட்டுப்படுத்துகிறது. மொழி தெரியாமை தடையாகலாகாது என்பதே இதன் கருத்து.

மொழியினும் பெரிய தடை ஒன்றுண்டு. சொந்த ஊரில் உற்றார் கண்ணும் ஊரார் வாயும் நம்மைத் தடுத்தன. தொலைவிலுள்ள நகரில் நம்மைக் கேட்பார் இல்லை. கேட்பாரற்ற இடத்தில் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் வழக்கம் இன்றியமையாதது. இஞ்ஞாசியார் தம் துறவியருக்கு நாளுக்கு இருமுறை ஆன்ம சோதனையை வகுத்தார். அது நன்றியறிதலில் தொடங்கும். பெற்ற நன்மைகளை எண்ணிய பின்னரே செய்த பிழைகளை எண்ணவேண்டும். ஆதலால் அது மனத்தைச் சோர்விக்காது.

பழக்கத்திற்கு ஓர் ஆபத்து உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஒரே பட்டியலை மாதந்தோறும் ஒப்பித்துவிட்டு எழுந்து செல்வோரும் உளர். அதற்கு மருந்து பழக்கத்தைக் கைவிடுவதன்று. அறிக்கையைச் செயலோடு இணைப்பதேயாகும். வரி தண்டுவோர் தலைவனான சகேயு, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் இயேசுவிடம் கூறினான். அவனது மனந்திரும்புதலுக்குக் கணக்கு இருந்தது. பெற்றுக்கொள்ள ஆட்களும் இருந்தனர்.

காணிக்கை செலுத்த வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென நினைவுகூர்ந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டுமென்பது மலைப்பொழிவின் போதனை. நம்முள் பலருக்கு அந்தச் சகோதரன் ஆயிரம் கல் தொலைவில், பிறந்த ஊரில் இருக்கிறான். பாகம் பிரித்த நிலமோ, தாயின் மருத்துவச் செலவோ காரணமாய்ப் பேச்சு நின்று ஆண்டுகள் ஆகியிருக்கும். இரவில் விளக்கை அணைக்குமுன் ஐந்து நிமிடம் நாள்தோறும் அமர்ந்து பார்ப்பவனுக்கு, அந்தப் பெயர் ஓரிரவு நினைவில் எழாமற் போகாது. எழுந்த மறுநாளே ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ அவனைச் சென்றடையுமானால், பழக்கம் தன் பயனைத் தந்துவிட்டது.