கொட்டும் மழைக்கும் ஒரு கணக்கு உண்டு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இப்படிப்பட்ட மேடையில் ஏறுகிறவர்கள், "நன்றாகப் படியுங்கள், பெற்றோரை மதியுங்கள்" என்று சொல்லி அமர்வது வழக்கம். அதைத்தான் உங்கள் ஆசிரியர்கள் நாள்தோறும் சொல்கிறார்களே! ஆகையால் நான் இன்று மழையையும் காற்றையும் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். செந்தூலில் இருக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான விஷயம் ஏது? காலையில் வெயில் கொளுத்தும். மத்தியானம் மூணு மணிக்கு வானம் கறுக்கும். கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவதற்குள் கொட்டித் தீர்த்துவிடும். "இந்த மழைக்கு ஒரு நேரங்காலமே கிடையாது" என்று அலுத்துக்கொள்கிறோம். உண்மையில் அதற்கு நேரமும் உண்டு, கணக்கும் உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நம் வீட்டுச் சாமி மேடைக்குப் போவோம். காற்று அசையாத அறையில் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தால், புகை நூல் பிடித்தது போல நேராக ஏறும். கொஞ்ச உயரம் போனதும் நெளியும். அதற்கும் மேலே போனால் சுருள் சுருளாய்ச் சிதறிவிடும். யாரும் ஊதவில்லை, விசிறவில்லை. பிறகு ஏன் கலைந்தது?

இதே கேள்வியை இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் தண்ணீரிடம் கேட்டார். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவே ஒரு கோடு போலச் சாயத்தைச் செலுத்தினார். தண்ணீர் மெதுவாக ஓடியபோது சாயக்கோடு கலையாமல் போயிற்று. வேகத்தைக் கூட்டக் கூட்ட, ஒரு கட்டத்தில் கோடு உடைந்து தண்ணீர் முழுவதும் சாயமாகிவிட்டது. வேகம், குழாயின் அகலம், திரவத்தின் பாகுத்தன்மை இவற்றைக் கொண்டு அந்தக் கட்டம் எப்போது வரும் என்று கணக்கிடலாம் என்பதை 1883ஆம் ஆண்டு வெளியிட்டார். அப்படிக் கலைந்து சுழன்று ஓடுவதற்குத்தான் கொந்தளிப்பு என்று பெயர். பார்த்தால் ஒழுங்கே இல்லாதது போலிருக்கும். ஆனால் அது தொடங்குவதற்கு விதி இருக்கிறது.

இனி அடுப்படிக்கு வருவோம். தாய்மார்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சாம்பார் கொதிக்கும்போது பருப்பும் காயும் ஓரிடத்தில் மேலே வந்து, இன்னோரிடத்தில் கீழே போகும். அடியில் சூடானது இலேசாகி ஏறுகிறது. மேலே ஆறினது கனமாகி இறங்குகிறது. இதை வெப்பச் சலனம் என்பார்கள். சூடு எவ்வளவு ஏறினால் இந்த ஓட்டம் தொடங்கும் என்ற கணக்கை விரிவாக ஆராய்ந்து 1961இல் பெரும் நூல் எழுதியவர் யார் தெரியுமா? நம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்தான். 1983இல் நோபல் பரிசு பெற்ற விண்மீன் அறிஞர் என்றுதான் அவரை நாம் அறிவோம். அடுப்பில் கொதிக்கிற பானைக்கும் பொருந்தும் கணக்கைப் போட்டவரும் அவரே.

செந்தூலின் மத்தியான மழையும் ஒரு பெரிய பானைதான். தாரும் சிமெண்டும் வெயிலில் காய்கின்றன. தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே கிளம்புகிறது. மேற்கே கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் நிற்கிறது. ஏறின காற்று குளிர்ந்து மேகமாகிறது. மேகத்துக்குள் கொந்தளித்து இடியும் மின்னலுமாக இறங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும், அதாவது இரண்டு பருவக்காற்றும் மாறுகிற இடைக்காலத்தில், இது அதிகம்.

தோட்டத்தில் பால்மரம் சீவிய பெரியவர்கள், "எங்களுக்கு மழை மத்தியானம் இல்லீங்க, விடியக்காலையிலதான்" என்பார்கள். அதுவும் சரிதான். இராத்திரியில் தரை சீக்கிரம் ஆறிவிடும். மலாக்கா நீரிணையின் தண்ணீர் சூடாகவே இருக்கும். இந்தப் பக்கத் தரைக்காற்றும் சுமத்ராவின் தரைக்காற்றும் நீரிணையின் நடுவில் சந்தித்து மேலே கிளம்பும். அங்கே உருவாகும் இடிமழை மேகங்கள் ஒரே வரிசையாகச் சேர்ந்து, தென்மேற்குக் காற்றோடு கிழக்கே நகர்ந்து, பொழுது விடியும் முன்னே நம் கரையைத் தாக்கும். மாலுமிகள் அதற்குச் 'சுமத்ரா' என்றே பெயர் வைத்தார்கள். சீவின பட்டையில் தண்ணீர் வழிந்து, மங்கில் சேர்ந்த பாலும் வீணாகி, அன்றைய கூலியும் போனது எத்தனை குடும்பங்களுக்கு! அந்த நஷ்டத்துக்குப் பின்னால் இருந்தது இந்தக் காற்றுக் கணக்குத்தான்.

"புயல் எல்லாம் நாகப்பட்டினத்துப் பக்கம்தான், நமக்கு வராது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. பூமி சுழல்வதால்தான் புயலுக்குச் சுழற்சி கிடைக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அந்தத் திருப்பும் விசை மிகவும் குறைவு. நாமோ ரேகைக்கு வடக்கே மூன்று பாகை தூரத்தில்தான் இருக்கிறோம். ஆனால் குறைவு என்பது இல்லை என்று ஆகாது. 2001 டிசம்பர் 27ஆம் தேதி 'வாமெய்' என்ற புயல், ரேகைக்கு ஒன்றரைப் பாகை தூரத்திலேயே உருவாகி ஜொகூரில் கரையேறியது. வானிலை அறிஞர்களே வியந்து போனார்கள்.

2021 டிசம்பரில் நடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தென்சீனக் கடலில் உருவான தாழ்வழுத்தம் பகாங் கரையேறி வந்தது. 17, 18 ஆகிய தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கியதைக் கண்ட பெரியவர்கள், "அதே கதை திரும்பிடுச்சு" என்றார்கள். 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் நகரத்தின் நடுப்பகுதியைக் காக்கக் கட்டியது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: கடல் ஏற்றம். கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அலையேற்றம் மிகுதி. மேலேயிருந்து வெள்ளம் வரும் நேரத்தில் கீழேயிருந்து கடலும் ஏறினால் ஆறு எங்கே போகும்?

"இவ்வளவு கணக்குத் தெரிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் அதைத்தான் முயன்றார். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் பணி செய்துகொண்டே, ஆறு மணி நேரத்து வானிலையைக் கையால் கணக்கிட்டார். விடை படு தவறாக வந்தது! அவர் அதை ஒளிக்கவில்லை. 1922இல் வெளியிட்ட தம் நூலில் அப்படியே அச்சிட்டார். 1950இல் அமெரிக்காவில் மின்கணினி கொண்டு முதன்முதலாக வானிலையைக் கணித்தபோது, அவர் காட்டிய பாதையில்தான் நடந்தார்கள். இன்று பரிசு வாங்காத பிள்ளைகளே, இதை மனத்தில் வையுங்கள்.

ஆயினும் ஓர் எல்லை உண்டு. பெரிய சுழலுக்குள் சிறிய சுழல், அதற்குள் இன்னும் சிறியது என்று காற்று பிரிந்துகொண்டே போகிறது. தொடக்கத்தில் கடுகளவு பிசகினாலும் நாளாக நாளாக அது மலையாகிவிடும் என்று 1963இல் எட்வர்ட் லோரென்ஸ் காட்டினார். இரண்டு வாரத்துக்கு அப்பால் அன்றாட வானிலையைச் சரியாகச் சொல்வது அரிது. ஓர் இடிமழைக்கோ சில மணி நேரந்தான் கிடைக்கும். அதனால்தான் நம் வானிலைத் துறையின் இடிமழை எச்சரிக்கை ஆறு மணி நேரத்துக்குள்ளான காலத்துக்கே வருகிறது.

அந்தச் சில மணி நேரம் சின்ன விஷயமில்லை. உயிரைக் காப்பது அதுதான். எச்சரிக்கை வந்தால், "எப்பவும் இப்படித்தான் சொல்வானுங்க" என்று தள்ளிவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மருந்து இவற்றை ஒரே பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். பிள்ளைகளே, மழை நேரத்தில் லோங்காங் பக்கம் போகாதீர்கள். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு கனம். ஓடும் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்கினவர்களை இந்தக் கணக்குத்தான் இழுத்துக்கொண்டு போனது. பெற்றோர்களே, அந்தக் கால்வாயில் நாம் போடும் ஒரு நெகிழிப் பையும் வெள்ளத்துக்குக் கைகொடுக்கிறது.

முடிவாக ஒரு செய்தி. காற்றும் நீரும் ஓடும் விதத்தைச் சொல்லும் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. நேவியர், ஸ்டோக்ஸ் என்ற இருவர் பெயரால் அவை வழங்குகின்றன. ஆனால் அவற்றின் விடை எப்போதும் ஒழுங்காக இருக்குமா, எங்காவது முறிந்துவிடுமா என்று இதுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் தருவதாக அமெரிக்காவின் கிளே கணிதக் கழகம் 2000ஆம் ஆண்டு அறிவித்தது. அந்தப் பரிசு இன்னும் கேட்பாரற்றுக் காத்திருக்கிறது.

அதை வாங்கப் போகிறவர் சீமையில்தான் பிறக்க வேண்டுமென்று சட்டமில்லை. மழை பெய்யும்போது சன்னலோரம் நின்று, "இது ஏன் இப்படி ஓடுது?" என்று கேட்கும் ஒரு செந்தூல் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்படிக் கேட்கும் பிள்ளையை, "சும்மா இரு" என்று மட்டும் அடக்கிவிடாதீர்கள் என்று பெற்றோர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.