பழைய சீடியில் பிரியும் நிறங்கள்

 

வீட்டில் ஒதுக்கிப்போட்ட பழைய சீடி இருக்கிறதா? எறிந்துவிடாதீர்கள். அதன் பளபளப்பான பக்கத்தில் ஒரு மில்லிமீற்றருக்குள் ஏறத்தாழ 625 நுண்வரிகள் நெருங்கி ஓடுகின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி நிறம் நிறமாகப் பிரியும்.

இன்றிரவு கல்முனையிலோ மருதமுனையிலோ உங்கள் வீட்டில் ஒரேயொரு விளக்கை மட்டும் எரியவிட்டு, சீடியைச் சாய்த்துப் பிடியுங்கள். பழைய இழைக் குமிழென்றால் சிவப்பு முதல் ஊதா வரை இடைவெளியின்றித் தெரியும். சுருள்குழாய்க் குமிழில் நிறங்கள் துண்டு துண்டாக நிற்கும். குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவியும் உட்பூச்சும் தருபவை அவை. வெள்ளை எல்ஈடியில் நீலம் தூக்கலாகத் தெரியும்.

பாதரசத்துக்குப்போலவே ஒவ்வொரு மூலகத்துக்கும் கைரேகைபோலத் தனி நிறக்கோடுகள் உண்டு. 1868 ஓகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது, இந்தியாவின் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் அறிஞர்கள் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். பிரகாசமான மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. அது சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தது. ஆனால் சோடியம் அல்ல. அது ஹீலியம் என்ற வாயுவின் கோடு! பூமியில் அந்த வாயுவை வில்லியம் ராம்சே பிரித்தெடுத்தது 1895இல்தான்.

பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டுங்கள். ஒன்று மட்டும் கவனம்: சூரியனையோ லேசர் ஒளியையோ சீடி வழியாகவும் பார்க்கவே கூடாது. வீட்டு விளக்கே போதும். விஞ்ஞானம் அங்கிருந்தே தொடங்கலாம்.