வராத படத்திற்கு ஒரு முன்னோட்டம்

திரைப்படம் வெளிவருமுன் அதன் சில காட்சிகளைத் தொகுத்துக் காட்டுவது முன்னோட்டம் எனப்படும். எவருமே எடுக்காத படத்திற்கும் முன்னோட்டம் செய்வது இக்காலப் புதுமை. காவியமொன்றில் ஈடுபட்ட இரசிகர், பழைய படங்களின் துண்டுகளை ஒட்டியும், செயற்கை நுண்ணறிவினால் புதுக் காட்சிகளை ஆக்கியும், இரண்டு நிமிடங்களில் அதனைக் கண்முன் நிறுத்திவிடுகின்றார்.

இவ்வாசை புதியதன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோதே, மணியத்தின் சித்திரங்களைப் பார்த்த வாசகர்கள் அதனைத் தம் மனத்திரையில் ஓட்டத் தொடங்கிவிட்டனர். 1958 இல் எம். ஜி. ஆர். அதனைப் படமாக்க முனைந்தார், கைகூடவில்லை. மணிரத்தினத்தின் படம் 2022, 2023 ஆம் ஆண்டுகளிலேயே இரு பாகங்களாக வெளிவந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் வந்தியத்தேவனுக்கு முகம் கொடுத்தவர்கள் வாசகர்களே.

அன்பர்களே, கற்பனை குற்றமன்று. ஆனால் கற்பனை என்று சொல்லாமல் உலவவிட்டால் அது பொய்யாகிவிடும். நடிகரொருவரின் முகத்தையும் குரலையும் அவர் இசைவின்றி எடுத்தாள்வதும் முறையன்று.

வன்னியில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. மதுரையை எரித்த கண்ணகி ஈழம் வந்து வற்றாப்பளையில் அமர்ந்தாள் என்பது முல்லைத்தீவு மக்களின் மரபு. வைகாசிப் பொங்கலில் அங்கே கடல்நீரில் விளக்கெரிகின்றது. முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடப்பட்டு வந்திருக்கின்றது. கூத்துக் களரியில் மாடமாளிகைகள் இல்லை. அண்ணாவியாரின் பாட்டும் மத்தள ஒலியுமே உண்டு. மதுரையைக் கட்டுவதும் எரிப்பதும் பார்ப்போரின் உள்ளமே.

2009 ஆம் ஆண்டுப் போரில் இம்மக்கள் வீடு வாசலையும் நூல்களையும் இழந்து இடம்பெயர்ந்தனர். எஞ்சியவற்றுள் பெரியது முதியோரின் நினைவு. இன்று முல்லைத்தீவு மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியில் கண்ணகி கதைக்கு முன்னோட்டம் செய்ய விரும்பலாம். கருவியை மட்டும் கேட்டால், அது எந்நாட்டு அரண்மனையையோ மதுரை என்று காட்டிவிடும். முதலில் அவன் பாட்டனாரிடம் கூத்துப் பாடலைக் கேட்கட்டும். கடல்நீர் விளக்கைக் கண்டு வரட்டும். பின்னர் செய்யட்டும், முகப்பிலே 'இது கற்பனை' என்றும் எழுதட்டும்.

அப்படம் வராமலே போகலாம். அதற்காகக் கேட்டெழுதிய பாடல் அவன் ஊருக்கு மிஞ்சும்.