பாயாமலே வென்ற படை



சதுரங்கம் என்னும் சொல்லுக்கு நான்கு உறுப்புகளையுடைய படை என்பது பொருள். படை என்றதும் பாய்ச்சலே மனத்தில் முந்தி நிற்கிறது. அணிவகுத்து நிற்றலும் போரின் பகுதியே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அம்மறதியைப் போக்கவல்ல ஆட்டம் ஒன்று 1930ஆம் ஆண்டு இத்தாலியின் சான் ரெமோ நகரில் நிகழ்ந்தது.

வெள்ளைக் காய்களை ஆடியவர் அலெக்சாந்தர் அலேகின். 1927இல் காப்பபிளாங்காவை வென்று உலக வாகையர் ஆனவர். கறுப்புக் காய்களை ஆடியவர் அரோன் நிம்சோவிச். திறந்த நெடுவரிசையின் ஆற்றலைத் தாம் 1925இல் வெளியிட்ட நூலில் இலக்கணம் போல் வகுத்துரைத்தவர். அவ்விலக்கணம் அன்று வகுத்தவர்மீதே திரும்பிற்று.

பத்தொன்பது நகர்த்தல்கள் முடிந்தபோது நடுக்களம் இருதரப்புக் காலாட்களாலும் அடைபட்டிருந்தது. வெள்ளைக்கு இடப்புறமிருந்து மூன்றாவதான நெடுவரிசை மட்டும் திறந்து கிடந்தது. அவ்வரிசையில் நின்ற கறுப்புக் குதிரையை வெள்ளை மந்திரி குறிவைத்திருந்தது. உடனே வெட்டியிருக்கலாம், வெட்டியிருந்தால் அழுத்தம் அங்கேயே கரைந்திருக்கும். அலேகின் வெட்டவில்லை. 20ஆம் நகர்த்தலில் ஒரு யானையை அவ்வரிசைக்குக் கொணர்ந்தார். அதனை முன்னேற்றி, அதன் பின்னே மற்றொரு யானையை நிறுத்தினார். 26ஆம் நகர்த்தலில் அரசி அவ்விரண்டிற்கும் பின்னே வந்து நின்றாள். இந்த ஏழு நகர்த்தல்களில் எந்தக் காயும் வெட்டுப்படவில்லை. எந்த அரசனுக்கும் 'செக்' வைக்கப்படவில்லை.

அரசி ஏன் பின்னே நிற்க வேண்டும்? முன்னே நிற்பவர் மோதலில் வீழக்கூடும். யானைக்கு யானை ஈடாகும். யானைக்கு அரசி ஈடாகாள். ஆகவே விலைமதிப்புடையது பின்னிருந்து வலிமை ஊட்டுகிறது. இவ்வரிசை முறையினை ஆட்ட உலகம் இன்றும் 'அலேகினின் பீரங்கி' என்றே வழங்குகிறது.

அடுத்து மந்திரி ஓரடி பின்வாங்கியது. அப்பின்வாங்கலே ஆட்டத்தின் கூர்முனை. மந்திரி நின்ற கட்டத்திற்குள் இனி ஒரு சிறு காலாள் நுழையலாம். நுழைந்தால் கறுப்புக் குதிரை வீழும். குதிரை விலகவும் இயலாது. விலகினால் அதன் பின்னே நிற்கும் கறுப்பு அரசியை மந்திரி கவரும். நிம்சோவிச் தம் காலாள் ஒன்றைப் பலியிட்டுக் காலாளின் வழியை அடைத்தார். கிடைத்த அவகாசத்தில் அரசனையே காவலுக்கு அழைத்து வந்தார். மந்திரி அக்காலாளை வெட்டி, மீண்டும் பின்வாங்கி வழிவிட்டது. 30ஆம் நகர்த்தலாக அலேகின் வலப்புற ஓரத்துக் காலாள் ஒன்றை அமைதியாக நகர்த்தினார். கறுப்பிற்கு எஞ்சியவை ஓரிரு காலாள் நகர்த்தல்களே. அவை தீர்ந்தபின் எக்காயை அசைத்தாலும் காவல் குலையும். நிம்சோவிச் தோல்வியை ஒப்புக்கொண்டார். குதிரையை வீழ்த்தவிருந்த காலாள் கடைசிவரை அடியெடுத்து வைக்கவேயில்லை. பதினைந்து ஆட்டங்களில் பதின்மூன்றை வென்று, இரண்டைச் சமன்செய்து, அலேகின் அப்போட்டியில் முதலிடம் பெற்றார். நிம்சோவிச் இரண்டாமிடம் பெற்றார்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். பொறுமை என்பது காலந்தாழ்த்துதல் அன்று. நடுக்களம் திறந்திருந்தால் எதிரியும் அந்த ஏழு நகர்த்தல்களில் தன் படையைத் திரட்டிப் பாய்ந்திருப்பான். அடைபட்ட களத்தில் எதிரிக்கு மாற்றுவழி இல்லை என்று கண்ட பின்னரே அலேகின் காத்தார். திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன 48, 49, 50ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன; படைமாட்சியோ 77ஆம் அதிகாரமாகவே வருகிறது. அறிதல் மூன்றும் முந்துகின்றன, படை பிந்துகிறது. இம்மூன்றையும் அறியாமல் காத்திருப்பவனுடையது பொறுமையன்று, தயக்கமே.

பத்தாண்டுகளாகக் கவிதைகளைக் கேட்டும் திருத்தியும் வரும் இவ்வட்டத்திற்கு இவ்வாட்டம் அயலானதன்று. வலிய சொல்லை முதலடியிலேயே செலவிட்டுவிட்டுப் பின்வரும் அடிகளில் தவிக்கும் கவிதையை இங்குள்ளோர் அறிவர். எளிய சொற்கள் முன்னே நிற்க, வலிய சொல் பின்னிருந்து அவற்றைத் தாங்கும் கவிதையையும் அறிவர். பின்னதில், எழுதப்படாத ஓரடி படிப்பவர் நெஞ்சில் தானே வந்து நிற்கும். சான் ரெமோவில் நகராமல் நின்றே வென்ற அச்சிறு காலாளைப் போல.