அணி நமக்குப் புதிதல்ல

நம் சங்கத்தின் செஞ்சிக் கோட்டைச் சுற்றுலாவில், மதிய உணவுக்குப் பின் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.



ராஜகிரி ஏறி இறங்கிய களைப்பு எல்லோர் முகத்திலும் தெரிகிறது. அதனால் நீட்டி முழக்க மாட்டேன். பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் லிஃப்டில் பார்த்தாலும், பார்க்கிங்கில் பார்த்தாலும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "சார், கணக்கில் நன்றாக வாங்குகிறான். இங்கிலீஷில் ஃபிகர் ஆஃப் ஸ்பீச், ஒகாபுலரி என்றாலே பயப்படுகிறான். எந்த கைடு வாங்கலாம்?"

கைடு வாங்குவதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் தமிழ்ப் பாடப்புத்தகத்தைப் பிரியுங்கள் என்பதுதான் என் பதில்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ ஆங்கில எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. முதல் பகுதியில் 20 ஒரு மதிப்பெண் கேள்விகள். ஒத்த சொல், எதிர்ச்சொல் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. பிறகு, பாடலின் ஓர் அடியைக் கொடுத்து அதில் என்ன அணி என்று கேட்பார்கள். பிள்ளைகள் மிரள்வது இந்த இரண்டு இடத்தில்தான். ஏன் மிரள வேண்டும்? 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வகுத்துக் காட்டுகிறது. நமக்கு அணி புதிதல்ல. ஆங்கிலப் பெயர்தான் புதிது.

இந்த மலையையே பாருங்கள். 'ராஜகிரி யானை போல நிற்கிறது' என்றால் உவமை, ஆங்கிலத்தில் சிமிலி. 'போல' என்பதை எடுத்துவிட்டு, 'கல் யானை' என்றால் உருவகம், அது மெட்டஃபர். தேசிங்குராஜன் கதையைப் பாடுகிறவர்கள் அவன் வீரத்தையும் குதிரையையும் உள்ளது உள்ளபடியா சொல்வார்கள்? அது உயர்வு நவிற்சி. ஆங்கிலத்தில் ஹைப்பர்பலி. எழுத்தைப் பார்த்து 'ஹைப்பர்போல்' என்று படித்துவிடாதீர்கள், பிள்ளைகளே.

கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையும்போது, கோட்டைக் கொடிகள் 'வராதீர்கள்' என்று கை காட்டுவதாக இளங்கோ சொல்வதைப் பத்தாம் வகுப்பிலேயே படிக்கிறோம். காற்றில் ஆடும் கொடிமேல் கவி தன் எண்ணத்தை ஏற்றுவதால் நாம் அதைத் தற்குறிப்பேற்றம் என்கிறோம். துணிக்கு மனிதச் செயல் வந்துவிட்டதே என்று பார்த்து, ஆங்கில ஆசிரியர் பெர்சோனிஃபிகேஷன் என்பார். பார்வை சற்று வேறு; ஆனால் அடியில் நடப்பதைக் கண்டுபிடிக்க ஒரே கண் போதும்.

இன்றைக்கு நம் செயலாளர் பேருந்துக்குத் 'தலைக்கு இவ்வளவு' என்று வசூலித்தார். தலையை மட்டுமா கூட்டி வந்தார்? உறுப்பின் பெயர் முழு ஆளுக்கு ஆகி வந்தது, சினையாகுபெயர். ஆங்கிலக்காரரும் 'பெர் ஹெட்' என்றுதான் சொல்கிறார். அவர் அதற்கு வைத்த பெயர் சினெக்டகி. 'ஊரே திரண்டது' என்றால் இடவாகுபெயர், அது மெட்டானிமி. வாயில் நுழையாத பெயர்கள்தான். ஆனால் காய்கறிக்கடையிலும் நாம் பேசுகிற பேச்சு அது.

பெயரை மட்டும் எழுதினால் போதாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எது எதனோடு ஒப்பிடப்பட்டது, அதனால் அந்த அடியில் என்ன கூடியது என்று தன் சொல்லில் ஒரு வாக்கியம் எழுதிப் பழக வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பெயர் மறக்காது.

இந்தக் கோட்டையை ஆங்கிலேயர் 'கிழக்கின் ட்ராய்' என்றார்கள். ட்ராய் நகரைக் கிரேக்கர் 10 ஆண்டு முற்றுகையிட்டதாகப் பழங்கதை. இங்கே ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. எட்டு ஆண்டு வரலாற்றை இரண்டே சொல்லில் அடக்கிவிட்டார்கள். இதற்கு அல்யூஷன் என்று பெயர். விடுமுறையில் பத்து மணிவரை தூங்கும் பையனைக் 'கும்பகர்ணன்' என்கிறீர்களே, அதே வேலைதான். ஆனால் கும்பகர்ணன் யார் என்று தெரியாதவனுக்கு அது வெறும் சத்தம். கதை தெரிந்தால்தான் அணி புரியும். பிள்ளைகள் கதை படிக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதற்குத்தான்.

இனிச் சொல்வளம். 500 சொல் கொண்ட பட்டியலை நெட்டுருப் போட்டால் தேர்வறையில் பாதி வராது. வருகிற பாதியும் இடம் மாறி உட்காரும். நம்மிடமே பாருங்கள்: காலமானார், இறந்தார், செத்தார். மூன்றுக்கும் பொருள் ஒன்று. துக்கப் பத்திரிகையில் மூன்றாவதை அச்சடிப்போமா? சீப், எகனாமிகல் இரண்டும் அப்படித்தான். பொருள் ஒத்தாலும் மரியாதை ஒக்காது. பெரிய சொல்லுக்கு மதிப்பெண் கிடையாது, பொருந்துகிற சொல்லுக்குத்தான்.

வேரைப் பிடித்தால் சொற்கள் கூட்டமாக வரும். இந்தக் கோட்டையை 'இம்ப்ரெக்னபிள்' என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். கைப்பற்ற முடியாதது என்று பொருள். அதன் மூலம் 'பிடித்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வேர். அதே வேரிலிருந்து வந்தவைதாம் கைதுசெய்வதைக் குறிக்கும் அப்ரிஹெண்ட், சிறையைக் குறிக்கும் பிரிஸன், புரிந்துகொள்வதைக் குறிக்கும் காம்ப்ரிஹெண்ட். பிடிப்பதற்கும் புரிவதற்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். பாடம் புரியாவிட்டால் 'ஒன்றும் பிடிபடவில்லை' என்று நாமும்தானே சொல்கிறோம்?

ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பொருள், ஓர் உறவுச்சொல், ஓர் எதிர்ச்சொல், சொந்தமாக ஒரு வாக்கியம். அதை மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை பார்க்காமல் சொல்லிப் பார்க்க வேண்டும். 100 நாளில் 300 சொல் சொந்தமாகும். இன்றைக்கே தொடங்கலாம்: அகழிக்கு மோட், மதிலுக்கு ராம்பார்ட், அங்கே தெரிகிறதே அந்த நெற்களஞ்சியத்துக்கு கிரானரி. கண்ணால் பார்த்த பொருளின் பெயர் லேசில் மறக்காது.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று ஒரு பிள்ளை முடிவு செய்துவிட்டால், அது ஒரு தேர்வோடு நிற்பதில்லை. கல்லூரியில் கேள்வி கேட்கக் கூசும். நேர்முகத் தேர்வில் தெரிந்ததையும் சொல்லாமல் திரும்பும். நம் வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் வைக்க நம்மால் முடியும். நம் வாட்ச்மேன் மகளுக்கும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகனுக்கும் அதே கேள்வித்தாள்தான் வருகிறது. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் நம் ஹாலைத் திறந்துவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காரட்டும். தமிழில் தெரிந்த அணியைச் சொல்லி ஆங்கிலப் பெயரைச் சேர்த்துக்கொள்வோம். இதில், தமிழ் வழியில் படிக்கும் அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதும் நிறைய இருக்கும்.

என் செலவில் ஒரு கரும்பலகை வாங்கித் தருகிறேன். சாவி மட்டும் செயலாளர் கையில் இருக்கிறது. சாவி என்று நான் சொன்னது எந்த அணி என்பதைப் பிள்ளைகள் பேருந்தில் போகும்போது சண்டை போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.