நாள்தோறும் உடன் செல்லும் கமரா

போகவந்தலாவையில், தேயிலை மலைகளின் நடுவே, புனித மரியாள் ஆலயம் என்றொரு சிறு கோயில் உண்டு. அதன் வளவிலே ஜூலியா மார்கிரட் கமரன் என்னும் அம்மையார் தம் கணவரோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார். 1815 ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த இவ்வம்மையார், தமது 48 ஆவது வயதில் மகளும் மருமகனும் அன்பளிப்பாக அளித்த கமரா ஒன்றினைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். தெனிசன் என்னும் கவிஞரையும் டார்வின் என்னும் அறிஞரையும் படம்பிடித்துப் பெரும் புகழ் ஈட்டினார். 1875 இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். புறப்பட்டபோது தமக்கும் கணவருக்குமாகச் சவப்பெட்டிகளையும், பாலுக்கென ஒரு பசுவையும் கப்பலில் ஏற்றி வந்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1879 சனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் காலமானார். அட்டனுக்குப் புகைவண்டி வந்ததே அதற்கு ஐந்தாண்டுகளின் பின்னர்தான்.

அக்காலத்துப் படப்பிடிப்பு ஒரு வேள்விக்கு ஒப்பானது. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசையைப் பூச வேண்டும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அதனைத் தோய்க்க வேண்டும். ஈரம் உலருமுன் கமராவில் இட்டுப் படம் எடுத்து, அந்த ஈரம் உலருமுன்னரே இருட்டறையில் கழுவியும் முடிக்க வேண்டும். அம்மையார் பின்னாளிற் கையாண்ட தகடு 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையது. எதிரே அமர்ந்தவர் சில நிமிட நேரம் அசையாதிருத்தல் வேண்டும். இத்தனை சுமையோடு அவர் இலங்கையில் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலே வேலையாட்களும் தோட்டத் தொழிலாளருமான தமிழர்களின் முகங்கள் உள்ளன. படம் எடுத்தவருடைய பெயரை உலகம் அறியும். அம்முகங்களுக்கு உரியவர்களின் பெயர்களோ பெரும்பாலும் எழுதி வைக்கப்படவில்லை.

அவருக்குப் பின் வந்த கொழும்புப் படப்பிடிப்பு நிலையங்கள், கூடையும் கொழுந்துமாக நிற்கும் பெண்களைப் படமெடுத்து அஞ்சலட்டைகளாக விற்றன. ஆக, மலையக மக்கள் ஒன்றரை நூற்றாண்டாகக் கமராவுக்கு முன்னே நின்று வந்தார்களேயன்றி, அதன் பின்னே நின்றது அரிது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டு, இலட்சக்கணக்கானோர் தலைமன்னாரில் கப்பலேறியபோது, கடவுச்சீட்டுக்காக எடுத்த சிறு படமே பலருக்குக் கைவசம் இருந்த ஒரே படம். இன்று சட்டைப்பையில் அடங்கும் கமராவைத் தெரிந்தெடுப்பது எப்படி என்ற வினா, கடைத்தெருவோடு முடிந்துவிடும் வினாவன்று.

சிறிய கமராவின் வரலாற்றை விரிக்க வேண்டியதில்லை. 1900 இல் ஒரு டொலருக்குக் கொடக் நிறுவனம் விற்ற பிரவுணி, கமராவைச் சிறுவர் கைக்கும் கொண்டு வந்தது. 1925 இல் வெளிவந்த லைக்கா, அதனைச் சட்டைப்பைக்குக் கொண்டு வந்தது. அதே கொடக் நிறுவனத்தில் 1975 இல் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியியலாளர் அமைத்த முதலாவது டிஜிட்டல் கமராவின் நிறை 3.6 கிலோகிராம், பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஒலிப்பதிவு நாடாவிற் பதிக்க அதற்கு 23 விநாடிகள் சென்றன. 2010 இல் ஜப்பானியக் கம்பனிகள் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கமராக்களை அனுப்பி விற்றன. 2023 இல் அத்தொகை 80 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இறக்கியது கைத்தொலைபேசி.

அவ்வாறாயின் கைத்தொலைபேசியே போதாதா என்று கேட்பவர் உண்டு. பகல் வெளிச்சத்தில், அசையாத பொருளுக்கு, அது போதும். அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. போதாமை தெரிவது வெளிச்சம் குறைந்த இடத்திலேதான். அதன் காரணத்தை விளங்கிக்கொண்டால், கமராவைத் தெரிவு செய்யும் வேலையிற் பாதி முடிந்துவிடும்.

மழைக்காலத்தில் லயன் வீட்டுக் கூரை ஒழுகும்போது தாய்மார் பாத்திரங்களைப் பரப்பி வைப்பர். வாய் அகன்ற அண்டாவில் நீர் விரைவிற் சேரும். தேநீர்க் கோப்பையில் மெல்லத்தான் சேரும். கமராவினுள் இருக்கும் ஒளியுணரித் தகடும் இத்தகையதே. மலிவான சிறு கமராக்களின் தகடு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் நீளமும் 4.5 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. ஓரங்குலத் தகடு எனப் பெயர்பெற்றது உண்மையில் ஓரங்குலம் அன்று, 13.2 க்கு 8.8 மில்லிமீற்றர் அளவினது. எனினும் பரப்பில் முன்னையதைப் போல் நான்கு மடங்கு. ஏபிஎஸ்-சி எனப்படும் தகடு பதின்மூன்று மடங்கு. விளம்பரத்தில் மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவோர், கோப்பைக்குள் எத்தனை கோடு கீறியிருக்கிறது என்று எண்ணுகிறார்களேயன்றி, கோப்பையின் வாயை அளப்பதில்லை.

வில்லையின் துவாரமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 2012 இல் வந்த சோனி ஆர்எக்ஸ் 100 ஓரங்குலத் தகடு உடையது. அதன் துவாரம் அகல்கோணத்தில் 1.8 வரை திறக்கும். 2019 இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3 ஏபிஎஸ்-சி தகடு உடையது, துவாரம் 2.8. பெரிய தகட்டின் நயமும் பெரிய துவாரத்தின் நயமும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், மங்கிய வெளிச்சத்தில் இரண்டுக்கும் இடையே பெரிய வேற்றுமை இல்லை. மாசி மாத இரவுகளில் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தினைப் படமெடுக்க விரும்பும் இளைஞர் இதனை அறிந்திருத்தல் நன்று. அங்கே மின்னொளியைப் பாய்ச்சினால் தீப்பந்தத்தின் அழகெல்லாம் வெளிறிப்போய்விடும். கைநடுக்கத்தைத் திருத்தும் பொறி கமராவினுள் இருப்பினும், அது படமெடுப்பவரின் நடுக்கத்தைத் திருத்துமேயன்றி, ஆடுகின்ற ரதியையும் மதனையும் நிற்க வைக்காது. அதற்கு வெளிச்சத்தை வாங்கும் ஆற்றல் ஒன்றே துணை.

அடுத்தது வில்லையின் கோணம். பழைய லயன் அறை 10 அடிக்கு 12 அடி என்பது பலரும் அறிந்தது. சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் இரண்டரை மீற்றருக்கு அப்பால் விலக இடமில்லை. அத்தூரத்தில் 28 மில்லிமீற்றர் வில்லை மூன்று மீற்றருக்குச் சற்று அதிகமான அகலத்தைப் படத்துக்குள் அடக்கும். அடுப்பும், சுவாமி படமும், பாட்டியும், பேரனும் அதனுள் வந்துவிடுவர். 50 மில்லிமீற்றர் வில்லையாயின் அடங்கும் அகலம் இரண்டு மீற்றருக்கும் குறைவு. ஆகவே வீட்டுக்குள் வாழ்வைப் பதிய விரும்புவோருக்கு அகல்கோண வில்லையே உகந்தது.

தொலைவை இழுக்கும் வில்லைக்கு ஆதரவாளர் மிகுதி. 2019 இல் வந்த சோனி ஆர்எக்ஸ் 100 இன் ஏழாவது வடிவம், 302 கிராம் நிறையுள்ளே 24 இலிருந்து 200 மில்லிமீற்றர் வரை நீளும். மெய்யாகவே வியக்கத்தக்க கைவேலை. சிவனொளிபாதமலையின் உச்சியையும், பட்டமரத்துப் பறவையையும் அருகே கொண்டுவர அது உதவும். ஆயினும் அதற்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டு, எதிர்ச் சரிவிற் கொழுந்து பறிப்பவளை அவள் அறியாமலே எடுத்துச் செல்வதற்கும் அதுவே கருவி. நீளாத வில்லையுடைய கமரா, எடுப்பவரை நடந்து அருகே வரச் செய்கின்றது. அருகே வந்தவர் பேசியாக வேண்டும், பேசினால் அனுமதி கேட்டாக வேண்டும், பெயரும் தெரிந்துவிடும். நாள்தோறும் கொண்டு செல்லும் கமராவுக்கு இக்குறையே நிறையாகிறது.

மலையகத்தின் மூடுபனி தனியே ஒரு பாடம். கமராவின் கணிப்பு உலகத்தை எப்பொழுதும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கருதும். நுவரெலியாவின் காலைப் பனியை நோக்கினால், வெண்மையைச் சாம்பலாக்கி, அதன் முன் நிற்பவளின் கரிய முகத்தை நிழலாக்கிவிடும். எத்தனையோ படங்களில் கூடையும் தலைத்துணியும் தெரிய, முகம் மட்டும் கறுத்துக் கிடப்பது இதனாலேயே. ஒளியை ஒரு படி கூட்டினால் முகம் வெளிவரும். கூட்டும் சக்கரம் கமராவின் மேற்புறத்திலே விரல்படும் இடத்தில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலுக்குள் பட்டியலாகத் தேடி அதனைத் திருப்புவதற்குள், பெரட்டுக்களத்தில் கூடியவர்கள் மலையேறிவிடுவர். 2024 இல் வந்த புஜிபிலிம் எக்ஸ் 100 ஆறாவது வடிவம் இவ்வகையில் மிக வசதியானது. ஆனால் 521 கிராம் நிறையுடையது. சட்டைப்பைக்குள் அடங்காத கமரா சில நாட்களில் வீட்டு அலுமாரிக்குள் அடங்கிவிடும்.

பனி உள்ள இடத்தில் ஈரமும் உண்டு. நீளும் வில்லை ஒவ்வொரு முறை நீளும்போதும் காற்றை உள்ளிழுக்கும்; காற்றோடு ஈரமும் போகும். நாளடைவில் வில்லையின் உட்புறத்திலே சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படரும். குளிர்ந்த மலைக்காற்றிலிருந்து கொழுந்து உலர்த்தும் சூடான ஆலைக்குள் நுழைந்தவுடன் கமராவின் மேல் நீர்த்துளி அரும்பும். நுழையுமுன் இறுகக் கட்டிய பொலித்தீன் பைக்குள் இட்டு, உள்ளே சூடேறிய பின் எடுத்தால் அத்தொல்லை இல்லை. வீட்டில் மூடி இறுகிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நலம். நாள் முழுதும் மழையில் நிற்பவருக்கு, 2023 இல் வந்த டிஜி 7 போன்ற நீர்புகாக் கமராவே தக்கது. 15 மீற்றர் ஆழ நீரிலும் அது தாங்கும். அதன் ஒளியுணரியோ கோப்பை வகையைச் சேர்ந்தது. மழையை வெல்வது இருட்டில் தோற்கும்.

விலையைச் சொல்லாமல் விடுதல் தகாது. ஜிஆர் 3 வெளிவந்தபோது அதன் விலை ஏறக்குறைய 900 டொலர். டொலருக்கு 300 ரூபா வீதம் வைத்தால் 2,70,000 ரூபா. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கில் ஒரு கமரா 200 நாட் கொழுந்து. அறிவுடையோர் எவரும் ஒரு தாயிடம் அதனைக் கேட்கத் துணியார். ஆகையால் பத்தாண்டுக்கு முந்திய பழைய கமராவை வாங்குவதே இங்கு பலருக்கு வழி; ஒருவர் கையில் அன்றி, ஒரு வாசிகசாலையோ இளைஞர் மன்றமோ சேர்ந்து வாங்குவது இன்னும் மேல். வாங்குமுன் வில்லைக்குள் மின்சூள் ஒளியைச் சரிவாகப் பாய்ச்சிப் பூஞ்சணம் உண்டா என்று பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவரைத் துவாரம் சுருக்கிப் படமெடுத்துப் பெரிதாக்கினால், தகட்டில் தூசி இருப்பின் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். மின்கலம் உப்பியிருந்தால் அதனைத் தொடாமல் விடுவதே புத்தி. அதே மின்கலம் இன்னமும் புதிதாகக் கிடைக்கிறதா என்று விசாரித்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி வீசியபோது மலைச்சரிவுகள் இடிந்து வீடுகள் புதையுண்டன. வீட்டோடு போனவற்றுள் படங்களும் அடங்கும். எனவே எடுத்த படம் நினைவட்டையில் மட்டும் கிடத்தலாகாது. ஒரு பிரதி கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையிடமோ, பாடசாலைக் கணினியிலோ, வேறொரு மலையில் வாழும் உறவினரிடமோ இருத்தல் வேண்டும். கமராவின் கடிகாரம், மின்கலத்தைப் பல நாள் கழற்றி வைத்திருந்தால் பின்னோக்கிப் போய்விடுவதுண்டு. படமெடுக்குமுன் நாளைச் சரிபார்க்க வேண்டும். அச்சிட்ட படத்தின் பின்புறம் பென்சிலால் நாலு சொல் எழுதினால் போதும்: ஆள் பெயர், தோட்டம், டிவிசன், திகதி. பேனா மை ஈரத்திற் கசியும், பென்சில் கசியாது.