வீட்டு வண்டியும் மலைச்சாலையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இயலும் இசையும் முழங்கும் இம்மேடையில் அச்சும் சக்கரமும் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் எனக்குப் பணித்துள்ளார். யான் புலவனும் அல்லேன். பொறியியல் கற்றவனும் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடும் கணக்குமாகக் காலம் கழித்து வருபவன். எனினும் இப்பொருளை மறுக்க மனம் வரவில்லை. நம் குடியிருப்பில் மூன்று குடும்பத்தார் கூட்டாகப் பொருள் இட்டு, காரின் பின்னே பூட்டி இழுக்கத்தக்க சிறு வீட்டு வண்டி ஒன்றை வாங்கி, வரும் கோடை விடுமுறையில் மூணாறும் தேனியும் மதுரையும் கண்டுவர எண்ணியுள்ளனர் என்பதை அனைவரும் அறிவீர்கள். அவர்களுள் முழங்கால் நோவினால் விடுதிப் படியேற மாட்டாத பாட்டிமார் இருவர் உளர். வழியில் ஒதுங்க இடமின்றி, தண்ணீரும் பருகாமல் நாள் முழுதும் வாய்கட்டி வரும் துன்பம் பெண்மக்களுக்கே தெரியும். ஆதலின் இதனை வீண் ஆடம்பரம் என்று இகழ்வாரோடு எனக்கு உடன்பாடில்லை.

கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்ததும், அடுத்த ஆண்டு இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் கேரவன் பூங்கா திறக்கப்பெற்றதும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். ஆங்கு நிற்பவை பெரும்பாலும் தம் இயந்திரத்தால் தாமே ஓடுபவை. நாம் பேசப் புகுந்ததோ தனக்கென இயந்திரம் இல்லாத டிரெய்லர் வண்டி. முன்னே செல்லும் காரை நம்பியே அது வாழ்கின்றது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், யான் சொல்லப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

நம்மவர்க்கு இஃது அறவே புதிது அன்று. நம் பாட்டனார் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, கட்டுச்சோற்றுடன் பழனிக்குச் சென்றவர்தாமே! பாரம் ஏற்றும்போது வண்டிக்காரர் "முன்பாரமா, பின்பாரமா" என்று நுகத்தடியைத் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும்; பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாட்டைத் தூக்கும். வீட்டு வண்டிக்கும் அதே கணக்குத்தான். பின்பாரம் மிகுந்த டிரெய்லர் வேகத்தில் வால் ஆட்டத் தொடங்கும். அவ்வாட்டம் காரையும் சேர்த்துச் சாலையைவிட்டுத் தள்ளும்.

எவ்வளவு முன்பாரம் வேண்டும்? மொத்த எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமர்தல் நன்று என்பர். காரின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதை அதன் கையேட்டில் பார்த்து, அதனை மீறாமல் இருத்தல் வேண்டும். இதனை அளக்கப் பெரிய கருவி வேண்டா. உடல் எடை பார்க்கும் வீட்டுத் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் டிரெய்லரின் மூக்கை இறக்கினால் அளவு தெரிந்துவிடும்.

எடைக்கணக்கை யான் கணக்கன் என்ற முறையில் சற்று விரித்துரைக்க அனுமதி வேண்டுகின்றேன். சரக்குப் பெட்டி ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெற்றுப் பெட்டியின் எடையும், ஏற்றத்தக்க சுமையும் எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். வீட்டு வண்டிக்கும் அவ்வாறே எழுதி வைத்தல் நலம். எடுத்துக்காட்டாக, வெற்று வண்டி 450 கிலோ என்று கொள்வோம். தண்ணீர் 40 லிட்டர், அதாவது 40 கிலோ, மின்கலம் 30, சிறு எரிவாயு உருளை 12, நால்வர் படுக்கை 35, பாத்திரமும் மளிகையும் 30, துணிமணி 25, மடக்கு நாற்காலி, பந்தல் துணி முதலியன 28. கூட்டினால் 650 கிலோ! வெற்று வண்டியின்மேல் 200 கிலோ ஏறிவிட்டது; இன்னும் நம் இல்லத்தரசியர் மாவரைக்கும் கிரைண்டரை எடுத்து வைக்கவில்லை. தாய்மார்கள் பொறுத்தருள்க, மாவை வீட்டிலேயே அரைத்து வாளியில் கொணர்வதே நன்று. கனத்த பொருள்களை அச்சுக்கு மேலாகத் தரையில் வைத்து, மெத்தென்ற இலேசான பொருள்களை மேல் அலமாரியில் வைக்க வேண்டும். எல்லாம் ஏற்றிய பின், லாரிகள் நிறுக்கும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டால் ஐயம் தீரும். இழுக்கும் காரின் வெற்று எடையில் 85 விழுக்காட்டிற்கு மேல் வீட்டு வண்டி இருத்தல் ஆகாது என்பது மேனாட்டார் புதிய ஓட்டுநர்க்குக் கூறும் அளவு. மலை நாட்டில் அதனினும் குறைத்தே கொள்ளல் வேண்டும் என்பேன்.

ஏன் இவ்வளவு எடைப்பேச்சு என்று கேட்பீர்கள். போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலை, கொண்டையூசி வளைவுகளுடன் ஏறக்குறைய 1000 மீட்டர் கீழே விழுகின்றது. 650 கிலோ வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது விடும் ஆற்றல், 19 லிட்டர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காரின் எடையால் வருவது வேறு. இவ்வெப்பமெல்லாம் எங்கே செல்லும்? இயந்திரத்தைத் தாழ்ந்த கியரில் வைத்து அதன்மேல் சுமையை ஏற்றாவிடில், முழுவதும் பிரேக்கிற்குள்தான் செல்லும். சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். காலடியில் மிதி இருக்கும், பயன் இராது.

ஆகவே வீட்டு வண்டி வாங்குவோர் மெத்தையையும் திரைச்சீலையையும் பார்க்கும் முன், குனிந்து சக்கரத்தைப் பார்க்க வேண்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டா? கொக்கி விட்டுப்போனால் அது தானே பிடிக்குமா? இவ்விரண்டிற்கும் "ஆம்" என்ற விடை இல்லையேல் அவ்வண்டி மலைக்கு உதவாது.

இக்கருத்தை இருப்புப்பாதை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், அயர்லாந்தில் ஆர்மா என்னும் ஊரிலிருந்து ஞாயிற்றுப் பள்ளிச் சிறார் நிறைந்த உல்லாசப் பயண வண்டியொன்று புறப்பட்டது. ஏற்றத்தில் இயந்திரம் இழுக்க மாட்டாமல் நின்றது. வண்டியை இரு கூறாக்கி, முன்கூற்றை முதலில் கொண்டுசெல்ல முனைந்தனர். அக்காலத்து அந்த பிரேக் இணைப்பு அறுந்தால் பிடிவிட்டுவிடும் வகையினது. பின்கூற்றின் சக்கரங்களுக்குக் கற்களை அண்டை கொடுத்தனர். முன்கூறு சிறிதே பின்வாங்கி இடித்தது, கற்கள் நொறுங்கின, பெட்டிகள் சரிவில் உருண்டோடிப் பின்னால் வந்த வண்டியில் மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், இணைப்பு அறுந்தால் தானே பிடிக்கும் பிரேக்கைப் பயணிகள் வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது.

வீட்டு வண்டியில் அதற்கு ஈடாக ஒரு மெல்லிய கம்பிவடம் உண்டு. ஒரு முனை காரிலும் மறுமுனை டிரெய்லரின் பிரேக்கிலும் மாட்டப்பெறும்; கொக்கி கழன்றால் வடம் இழுத்துப் பிரேக்கைப் பிடிக்கும். சோம்பலால் அதனை மாட்டாமல் செல்வோர் உண்டு. அச்சாணி இல்லாத தேர் எவ்வளவு அழகாயினும் என்ன? நிறுத்தும்போது சக்கரத்திற்கு வழியிற் கிடக்கும் கல்லை வையாமல், ஆப்பு வடிவில் செதுக்கிய மரக்கட்டைகள் இரண்டை எப்போதும் உடன் கொண்டு செல்லுங்கள். கட்டை வைத்த பின்னரே கொக்கியைக் கழற்றுதல் வேண்டும்.

நீலகிரி மலை ரயிலையும் இங்கே நினைவூட்டுவேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899ஆம் ஆண்டு முதல் செல்லும் அவ்வண்டியில் இயந்திரம் பள்ளப்பக்கத்தில் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகின்றது. பெட்டிதோறும் பிரேக் பிடிக்க ஆள் நிற்கின்றார். மலையில் எந்தப் பெட்டியையும் காவலின்றி விடலாகாது என்பதை அம்முறை காட்டும்.

இனி, வழி. இடுக்கி மாவட்டத்தில் இன்று இருப்புப்பாதை இல்லை. முன்பு ஒன்று இருந்தது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளம் இட்டு, மாடுகளைக் கொண்டு இழுத்தனர். 1908இல் அது இரண்டு அடி அகலப் பாதையாக மாறியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அழித்துவிட்டது. தமிழகப் பக்கத்தில் போடிக்கு அகலப் பாதை வண்டி 2023இல் மீண்டும் வந்தது. மலைமேல் செல்லச் சாலை ஒன்றே துணை. ஆகையால் அம்மூன்று குடும்பத்தார்க்கும் என் கருத்தைத் திறந்தே கூறுவேன். வீட்டு வண்டியைச் சின்னாறு, மறையூர் வழியாக மூணாற்றுக்கு ஏற்றிப் போடிமெட்டில் இறக்க வேண்டா. பொள்ளாச்சி, உடுமலை, பழனி, வத்தலக்குண்டு எனச் சமவெளியிலேயே தேனிக்குச் சென்று, போடியில் தக்க இடத்தில் நிறுத்திவிட்டு, காரில் மட்டும் மூணாறு ஏறித் திரும்புங்கள். நெல்லியாம்பதிக்கும் அவ்வாறே, போத்துண்டி அணையின் அடிவாரத்தோடு வீடு நிற்கட்டும். வளைவுகளில் டிரெய்லரின் சக்கரம் காரின் தடத்திற்கு உட்பக்கமாகச் சுருக்கிச் செல்லும். எதிரே பேருந்து வந்தால் பின்னோக்கி நகர்த்துதல் பழகியவர்க்கே அரிது.

சமவெளியிலும் ஓர் இடர் உண்டு. அது நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஜூன் முதல் வாளையாறு, கஞ்சிக்கோடு வெளியில் அது வீசும் வீச்சைக் காற்றாலைகளே சொல்லும். உயர்ந்த பக்கச்சுவர் கொண்ட வண்டிக்கு அது பாய்மரக் காற்றுப் போன்றது. வண்டி ஆடத் தொடங்கினால் பிரேக்கை அழுத்தாமலும், சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பாமலும், நேரே பிடித்து வேகமிதியிலிருந்து காலை மெல்ல எடுங்கள். ஓடும் வீட்டு வண்டிக்குள் குழந்தைகளோ முதியோரோ ஒருவரும் அமர்தல் கூடவே கூடாது.

அடுப்பைப் பற்றிச் சில சொற்கள். சமையல் வாயு காற்றினும் கனமானது; கசிந்தால் மேலே போகாமல் தரையிற் படியும். எனவே உருளையை வெளியே, மூக்குப் பக்கத்துப் பெட்டியில் நிறுத்தி, அடியில் துளை விடுதல் வேண்டும். உள்ளேயும் தரைமட்டத்தில் காற்றுவழி வேண்டும். ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுக. உருளையின் கழுத்துப் பட்டையில் 'பி 27' என்றிருந்தால், 2027ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டிற்குள் அதனை மறுசோதனை செய்ய வேண்டும் என்பது பொருள். பயணத்தின்போது உருளை மூடியிருத்தல் வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, குளிரிரவில் கதவடைத்துக் குமுட்டியில் கரிநெருப்பு வைத்தோ, அடுப்பை எரியவிட்டோ வெப்பம் தேடாதீர்கள். அதிலிருந்து எழும் நச்சுக்காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்கியவர் எழார். கம்பளி இரண்டு கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். அதன் எடையை யான் மன்னித்துவிடுகின்றேன்!

மின்சாரத்திற்கு 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி மின்கலம் ஒன்று போதும். ஈயக்கலமாயின் பாதி அளவே செலவிட வேண்டும். அது 600 வாட் மணி. விளக்கு, சிறு விசிறி, கைப்பேசிகள் ஆகியவற்றிற்கு ஓர் இரவில் 350க்குள் அடங்கும். குளிர்பெட்டியை மறந்துவிடுக. மின்கலத்தின் அருகிலேயே உருகி இருத்தல் இன்றியமையாதது.

நம் நாட்டில் வீட்டு வண்டியை அழிப்பது ஓட்டத்தைவிட மழையே. கூரையின் இணைப்பு, திருகாணித் துளை, சாளர ஓரம் ஆகியவற்றை மே மாதத்திலேயே பார்த்து அடைப்புப் பசை பூச வேண்டும். ஒட்டுப்பலகைச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்; கணீரென்னாமல் மெத்தென்று ஒலித்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. நிறுத்தி வைக்கும் மாதங்களில் மூக்கைச் சற்றே உயர்த்தி, மழைநீர் வழிய விடுங்கள். அலமாரிக் கதவுகள் திறந்திருக்கட்டும். தார்ப்பாயை இறுகப் போர்த்தினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். டயர் தேயாமலே முதுமை அடையும். பக்கச் சுவரில் '2319' என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது. சக்கர உருளைகளுக்கு ஆண்டுக்கொரு முறை கிரீஸ் இடுக. சக்கரம் கழற்றி மாட்டினால், 50 கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி மரைகளை மீண்டும் முடுக்கிப் பார்க்க வேண்டும்.

சட்டமும் ஒன்று உண்டு. டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி, இழுக்கும் காரின் பதிவெண்ணும் அதன்மேல் காணப்பெற வேண்டும். பட்டறையில் நாமே பற்றவைத்து ஓட்டிவிடலாம் என்று கருதாமல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.

அம்மூன்று குடும்பத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்தில் தராசு ஒன்று வைக்கச் செயலாளர் இசைந்துள்ளார். அவரவர் பெட்டி, படுக்கை, பாத்திரம் அனைத்தையும் கொணர்ந்து நிறுத்துச் செல்க. ஏடும் எழுதுகோலும் யான் கொண்டு வருவேன்.